நான் இடது போனால் காற்று வலது: நேற்றைய ரேஸ் புலம்பல்

சுக்கான்பிடி

புலம்பத்தான் வந்திருக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஏரியில் லேசர் ரேஸ், அதாவது ஒருவரே ஓட்டும் சின்னப் பாய்மரப் படகுகளின் ரேஸ். 22 படகுகள். காற்று 4 முதல் 9 நாட் வரை (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), அதன் இஷ்டத்துக்கு. காலையில் ஒன்றரை மணி நேரம் சிவப்பு வெள்ளைத் தள்ளிவைப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் தண்ணீரில் அங்கங்கே கருப்பாகச் சிற்றலை தெரிந்ததும் கிளம்பச் சொன்னார்கள்.

முதல் ரேஸ். ஸ்டார்ட்டுக்கு 4 நிமிடம் இருக்கும்போது கோட்டின் இடது முனை, அதாவது மிதவை முனை, அருமையாகச் சாதகமாக இருந்தது. அங்கே போனேன். நல்ல ஸ்டார்ட், நிஜமாகவே. முன்னால் யாரும் இல்லை, சுத்தமான காற்று, ஸ்டார்போர்ட் டாக்கில், அதாவது காற்று படகின் வலப்பக்கம் படும்படி போய்க்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காற்று 15 டிகிரி வலப்பக்கம் திரும்பியது. எனக்கும் அது லிஃப்ட்தான், காற்றுக்கு எதிரே ஏறிப் போய்ச் சுற்ற வேண்டிய முதல் மிதவையை நோக்கி என் படகும் நிமிர்ந்தது. ஆனால் எனக்கு வலப்பக்கம் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் எனக்கு மேலே தெரிந்தார்கள். கோட்டின் வலது முனையில், ரேஸ் நடத்துபவர்கள் நிற்கும் கமிட்டி படகுக்குப் பக்கத்தில் கயிறு சிக்கித் தடுமாறிக்கொண்டிருந்தவர்கூட எனக்கு முன்னால்!

பொறுக்கவில்லை. டாக் அடித்து, அதாவது காற்று மறுபக்கம் படும்படி படகைத் திருப்பி, எல்லோருக்கும் பின்னால் நுழைந்து வலப்பக்கம் போனேன். போய்ச் சேர்ந்ததும் காற்று இடப்பக்கம் திரும்பியது. மறுபடியும் டாக். முதல் மிதவைக்குப் போவதற்குள் 14 டாக். பிற்பாடு படகில் இருந்த கேமராவைப் பார்த்து எண்ணினேன். முடிவில் 17-ஆவது.

இரண்டாவது ரேஸில் மேல் மிதவையை மூன்றாவதாகச் சுற்றினேன். காற்றோடு இறங்கும்போது எனக்கு மட்டும் காற்று செத்துப்போனது. பின்னால் இருந்தவர்கள் புதுக்காற்றோடு இறங்கி வந்து இரண்டு பக்கமும் கடந்து போனார்கள். ஆத்திரத்தில் உடம்பைக் கொஞ்சம் ஆட்டிவிட்டேன் போல. விசில், மஞ்சள் கொடி. நான்கு நாட் காற்றில் தண்டனையாக இரண்டு முழுச் சுற்று சுற்றுவது எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தேடுவது போல. 9-ஆவது.

மூன்றாவதில் இரண்டாம் இடத்தில் இருந்தேன். முதல் மிதவை கண்ணுக்கு எதிரே. மூன்று ஹார்ன், நீல வெள்ளைக் கட்டம் போட்ட கொடி. ரேஸ் ரத்து.

கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட நாளில் திறமைக்கு என்ன வேலை? காசைச் சுண்டிப் போட்டு ஆளுக்கொரு இடம் கொடுத்துவிட்டால் வெயிலாவது மிச்சம்.

இருவர்படகு

ஆறுதல்கள். நான் இரண்டு பேர் ஓட்டும் படகில் முன்னால் உட்காருபவன். எங்களிடம் ஒருவர் படகைப் பார்ப்பார், ஒருவர் ஏரியைப் பார்ப்பார். லேசரில் இரண்டையும் ஒரே தலை செய்ய வேண்டும். அதனாலேயே உங்கள் மேல் எனக்கு எப்போதும் பரிதாபம் உண்டு.

பழையபாய்

தம்பி, உங்கள் முதல் ரேஸ் கதையில் அதிர்ஷ்டம் ஒரே ஒரு நிமிடம்தான் வருகிறது. மீதி எல்லாம் நீங்கள் செய்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதே தவற்றைப் பல வருடம் செய்தவன்தான்.

கணக்கைப் பாருங்கள். காற்றுக்குக் குறுக்காக இரண்டு படகுகளுக்கு நடுவே 100 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். காற்று 10 டிகிரி திரும்பினால், அது திரும்பிய பக்கத்தில் இருப்பவருக்குச் சுமார் 25 மீட்டர் லாபம். லேசரின் நீளம் 4.2 மீட்டர், ஆக ஆறு படகு நீளம். உங்கள் ஸ்டார்ட் கோடு 120 மீட்டர் இருக்குமா? 15 டிகிரி என்றால் 44 மீட்டர். பத்துப் படகு நீளம். கயிறு சிக்கியவர் உங்களுக்கு முன்னால் தெரிந்ததில் மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த நிமிடம் வரை அது கடன் சீட்டில் எழுதிய நஷ்டம். காற்று பழைய இடத்துக்கு வந்தால் அந்த 44 மீட்டரும் தானாகத் திரும்பி வந்துவிடும், நீங்கள் இடப்பக்கத்திலேயே இருந்தால். நீங்கள் என்ன செய்தீர்கள்? லிஃப்ட் கிடைத்த டாக்கை விட்டு ஹெடர் அடிக்கும், அதாவது மிதவையை விட்டு விலக்கும் டாக்கில் ஏறி, அவர்கள் பின்னால் குறுக்கே போய், கடனை ரொக்கமாகக் கட்டிவிட்டீர்கள். கட்டி முடித்ததும் காற்று இடப்பக்கம் வந்தது. அந்த லாபத்தை வாங்க இடப்பக்கத்தில் நீங்கள் இல்லை.

சுக்கான்பிடி

அண்ணா, இதெல்லாம் கரையில் உட்கார்ந்து பேசச் சரி. காற்று திரும்பி வரும் என்று அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? வலப்பக்கமே போய் நின்றுவிட்டிருந்தால்?

பழையபாய்

நியாயமான கேள்வி. ஊசல் மாதிரி ஆடும் காற்று வேறு, ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும் காற்று வேறு. ஆடும் காற்றில் ஹெடர் வந்தால் டாக் அடிக்கலாம். நகரும் காற்றில் ஹெடரை முதலில் விழுங்கிவிட்டு, காற்று போகிற பக்கத்துக்குள்ளேயே இன்னும் போக வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் நாள் முழுக்கப் பின்னால்தான். ஸ்டார்ட்டுக்கு முன் எத்தனை முறை படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பித் திசைகாட்டியைப் பார்த்தீர்கள்?

சுக்கான்பிடி

ஒரு முறை.

சரி, பொய் சொல்ல வேண்டாம். ஒரு முறையும் இல்லை.

கொடிக்காரர்

நேற்று கமிட்டி படகில் கொடி ஏற்றியவன் நான். ரத்து செய்தவனும் நானே, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இதைப் பாருங்கள். முதல் ரேஸுக்கு முன்னால் நான் நோட்டில் எழுதிய காற்றுத் திசைகள், டிகிரியில், ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒன்று:

205, 218, 203, 220, 206, 219, 204.

நடு எண் 212 பக்கம். ஸ்டார்ட் கோட்டை நான் அந்த 212-க்குச் செங்குத்தாகத்தான் போட்டேன். கடைசி 204 எப்போது எழுதியது தெரியுமா? உங்கள் ஸ்டார்ட்டுக்கு 4 நிமிடம் முன்னால்.

பழையபாய்

ஆகா. இதை, இதைத்தான் சொல்ல வந்தேன்.

தம்பி, மிதவை முனை ஏன் அவ்வளவு சாதகமாகத் தெரிந்தது என்று புரிகிறதா? கோடு கோணலாக இல்லை. காற்று அந்த நேரம் தன் ஊசலின் இடது கோடியில் நின்றது. அடுத்து அது போகக்கூடிய ஒரே பக்கம் வலது. "இடது முனை சாதகம்" என்று நீங்கள் படித்த அதே செய்தியை, "இன்னும் நாலு நிமிடத்தில் வலது" என்றும் படித்திருக்கலாம்.

சுக்கான்பிடி

அட.

ஐந்து நிமிடம் இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் வேறு விதமான எரிச்சல்.

புதுத்துடுப்பு

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். நான் படகு ஓட்டக் கற்று மூன்று மாதம்தான் ஆகிறது. ஹெடர், லிஃப்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். யாராவது சொல்வீர்களா?

இருவர்படகு

காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்துதான் போகும், அதனால்தான் வளைந்து வளைந்து ஏறுகிறோம். காற்று திரும்பும்போது அந்த 45 டிகிரியும் கூடவே திரும்பும். திரும்பியதில் உங்கள் மூக்கு மிதவையை நோக்கி வந்தால் லிஃப்ட். மிதவையை விட்டு விலகினால் ஹெடர். உங்களுக்கு ஹெடர் என்றால் எதிர் டாக்கில் வருபவருக்கு அதுவே லிஃப்ட். அவர் சிரித்துக்கொண்டே வருவதை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

மேகம்பார்ப்பவன்

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ஒட்டி ஓடும் காற்று, நிலத்தின் உராய்வால் வேகம் குறைந்து திசையும் கொஞ்சம் திரும்பித்தான் ஓடுகிறது. மேலே ஓடும் காற்றுக்கு அந்த உராய்வு கிடையாது, வேகமும் அதிகம், திசையும் வேறு. வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும்போது, அந்த மேல்காற்று துண்டு துண்டாகக் கீழே இறங்கும். நாம் பார்க்கும் கருப்புத் திட்டு அதுதான். பூமியின் வடபாதியில் பொதுவாக அப்படி இறங்கும் காற்று வலப்பக்கம் திரும்பி வரும், ஓயும்போது இடப்பக்கம் திரும்பும். தென்பாதியில் தலைகீழ்.

ஆனால் சின்ன ஏரியில் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கரையில் மரவரிசை இருந்தால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கும் மேல் காற்று குழம்பிக் கிடக்கும்.

பழையபாய்

14 டாக் விஷயத்தைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

மெல்லிய காற்றில் ஒரு டாக்குக்கு இரண்டு படகு நீளம் போகும் என்று வைப்போம். உடம்பைச் சாய்த்துப் படகை உருட்டி அழகாக அடித்தால் குறையும், அவசரத்தில் அடித்தால் கூடும். 14 டாக்கில் ஏறக்குறைய 118 மீட்டர். இப்போது வரவுப் பக்கம்: உங்களுக்கும் பக்கத்துப் படகுக்கும் 30 மீட்டர் இடைவெளி, காற்று 5 டிகிரி திரும்புகிறது. சரியாக டாக் அடித்து நீங்கள் சம்பாதிப்பது 4 மீட்டருக்கும் கீழே. ஒரு படகு நீளம்கூட இல்லை. அதைப் பிடிக்க இரண்டு நீளம் செலவழிக்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்.

அப்புறம், அந்த 14-இல் எத்தனை நிஜமான ஹெடர்? காற்று திடீரென்று ஓய்ந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். படகு பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், காற்று குறைந்திருக்கும். படகு தானே உண்டாக்கும் எதிர்காற்றின் பங்கு கூடுவதால், நம் மேல் படும் காற்று முன்பக்கமாக நகரும். பாயின் முன்விளிம்பு படபடக்கும். பார்ப்பதற்கு அசல் ஹெடர்தான். ஆனால் காற்றின் திசை ஒரு டிகிரிகூட மாறியிருக்காது. அதை நம்பி டாக் அடித்தால், காற்றில்லாத இடத்தில், வேகமில்லாத படகைத் திருப்புகிறீர்கள். நாலைந்து நொடி பொறுத்துப் பாருங்கள். படகின் வேகம் அடங்கியதும் படபடப்பு நின்றால் அது போலி.

சுக்கான்பிடி

கேமராவை மறுபடியும் பார்த்தேன். குறைந்தது ஐந்து டாக் நீங்கள் சொல்வதுதான். பாய் படபடக்கிறது, உடனே திருப்புகிறேன், திருப்பியதும் படகு சேற்றில் சிக்கிய மாதிரி நிற்கிறது. நடுவில் நானே ஒரு கெட்ட வார்த்தையும் சொல்கிறேன், ஒலி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதிர்ஷ்டம் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது சொல்லட்டும்.

நடுப்பாதை

நான் சொல்கிறேன். நேற்று 2-ஆவதும் 4-ஆவதுமாக வந்தவன். பெருமையடிக்க எதுவும் இல்லை, காற்றை நான் கணிக்கவில்லை.

கரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தண்ணீரில் இறங்கிய பிறகு 20 நிமிடம் முன்னும் பின்னும் போய், ஸ்டார்போர்டில் திசைகாட்டியில் அதிகபட்சம் எந்த எண், குறைந்தபட்சம் எந்த எண், எதிர் டாக்கான போர்ட்டில் எது எது என்று நாலு எண்ணை மெழுகுப் பென்சிலால் படகின் தளத்தில் எழுதிவைத்தேன். ஸ்டார்ட் கோட்டின் நடுவிலிருந்து கிளம்பினேன். சுமாரான ஸ்டார்ட்தான், யாரோ ஒருவர் பாயின் கீழ்க்காற்றில் கொஞ்ச நேரம் திணறினேன். ஆனால் எண் நல்ல எண்ணாக இருந்ததால் திருப்பவில்லை. நடு எண்ணைவிட மோசமானால் மட்டும் டாக். மொத்தம் 5 டாக்.

இன்னொன்று, இரண்டு ஓரங்களுக்கும் போகவில்லை. லேலைனில், அதாவது இனி டாக் அடிக்காமலே மிதவையை எட்டும் கோட்டில், போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எந்தக் காற்று வந்தாலும் நஷ்டம்தான். லிஃப்ட் வந்தால் தேவைக்கு மேலே ஏறிவிட்டோம், ஹெடர் வந்தால் உள்ளே இருப்பவர்கள் நம்மைத் தாண்டுவார்கள். மதில் மேல் பூனை என்று திட்டுவார்கள் இல்லையா, ஆடும் காற்றில் அந்தப் பூனைதான் ஜெயிக்கும்.

சுக்கான்பிடி

மூன்றாவது ரேஸில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களை முன்னால் பார்த்த ஞாபகமே இல்லை.

நடுப்பாதை

கடைசிக்கு முந்தையவன். நாலு எண்ணையும் நம்பிக்கொண்டு நடுவிலேயே நின்றேன், காற்று ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. கட்டம் போட்ட கொடியைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன், படகு கவிழ்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

சுக்கான்பிடி

அப்படியானால் அங்கேதான் வருகிறேன். கொடிக்காரர் அவர்களே, இரண்டு ரேஸில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதில் நான் சரியான பக்கத்துக்குப் போனேன். காற்று வலப்பக்கம் நகர்கிறது என்று உணர்ந்து வலப்பக்கம் போனேன். பலன் வரும் நேரத்தில் கொடியா? மிதவையை நகர்த்தியிருக்கலாமே?

கொடிக்காரர்

என் நோட்டில் மூன்றாவது ரேஸ்: 215, 231, 250, 274. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் ஏறக்குறைய 60 டிகிரி வித்தியாசம். முன்னால் இருந்த நீங்கள் கடைசியில் டாக்கே அடிக்காமல் மிதவைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தீர்கள், இல்லையா? இடப்பக்கம் இருந்த பத்துப் படகும் மிதவை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அது ஏறும் பாதை இல்லை, ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஊர்வலம்.

மிதவையை நகர்த்துவது பற்றி: படகுகள் போய்க்கொண்டிருக்கும் பாதையை விதிப்படி மாற்ற முடியாது. அடுத்த பாதையைத்தான் மாற்றலாம். அதையும் முதல் படகு அந்தப் பாதையில் நுழைவதற்கு முன்னாலேயே கொடி காட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் ஓடிக்கொண்டிருந்தது முதல் பாதை. ஓட விடுவதா, ரத்து செய்வதா, இரண்டே வழி.

சுக்கான்பிடி

விதி சரி. ஆனால் 40 டிகிரி திரும்பியபோதே ரத்து செய்திருக்கலாமே? நான் இரண்டாவதாக வரும் வரை காத்திருந்து செய்தது போலத்தான் தெரிகிறது.

கொடிக்காரர்

231 வந்தபோது ஊசல் என்று நினைத்தேன். நடு எண்ணிலிருந்து அது 19 டிகிரிதான், திரும்பி வரும் என்று காத்திருந்தேன். 250 வந்தபோது சந்தேகம். கையில் கொடியோடு நின்றேன், முன்னால் இருப்பவர்களின் உழைப்பு வீணாகுமே என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். ஒப்புக்கொள்கிறேன், இரண்டு நிமிடம் தாமதம். அந்த இரண்டு நிமிடம்தான் உங்களை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழையபாய்

ஹா ஹா.

இரண்டாவது ரேஸ் இறங்கு பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றோடு போகும்போது எல்லாம் தலைகீழ். புதுக்காற்று பின்னாலிருந்து வருவதால் கடைசியில் இருப்பவருக்குத்தான் முதலில் கிடைக்கும். முதலில் போகிறவர் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், கருப்புத் திட்டு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும்போது லிஃப்டில் போகிறோம், இறங்கும்போது ஹெடரில் போகிறோம். லிஃப்ட் வந்தால் ஜைப், அதாவது காற்றோடு போகும்போதே பாயை மறுபக்கம் மாற்றித் திரும்புவது. காற்று செத்தது உங்களுக்கு மட்டும் இல்லை, நீங்கள் அதற்குள் நேராக ஓட்டிப் போனீர்கள்.

உடம்பை ஆட்டிய கதைக்கு நான் வரவில்லை. உடம்பை ஆட்டிப் படகை ஓட்டக் கூடாது என்கிற விதி 42, மஞ்சள் கொடி, அவ்வளவுதான்.

சுக்கான்பிடி

திரும்பிப் பார்க்கவே இல்லை, அது உண்மை. முன்னால் போன இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்து விஷயத்தில் மட்டும் நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கொடிக்காரர்

எழுதிவைத்துக்கொள்கிறேன், நோட்டு கையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் மிதவை போடும் படகுக்கு ஓர் ஆள் குறைகிறது. வந்து நீங்களே நாலு நிமிடத்துக்கு ஒரு முறை காற்றைப் பார்த்து எழுதுங்கள். எந்த எண்ணில் ரத்து செய்வது என்று நீங்களே சொல்லுங்கள், நான் கொடி ஏற்றுகிறேன்.

சுக்கான்பிடி

சரி, வருகிறேன். எண் எழுதுவேன். ரத்து என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது.

நடுப்பாதை

250 வரட்டும், பார்க்கலாம்.

புதுத்துடுப்பு

அப்படியானால் அடுத்த வாரம் உங்கள் படகு சும்மாதானே இருக்கும்? நான் எடுத்துக்கொள்ளலாமா?

சுக்கான்பிடி

எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுப் பென்சில் நீங்களே கொண்டுவர வேண்டும், என்னிடம் கிடையாது.